பிள்ளைக்காகப் பாடமா, பாடத்துக்காகப் பிள்ளையா?

(சென்னை தியாகராய நகரில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





மேடையில் வீற்றிருக்கும் ஜமாஅத் நிர்வாகிகளே, ஆலிம் பெருமக்களே, பகலெல்லாம் நின்ற கால்களோடு கடையை அடைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் வணிகச் சகோதரர்களே, இளைஞர்களே! எனக்குக் கொடுத்த தலைப்பு "கல்வியின் அவசியம்". மன்னிக்க வேண்டும், அந்தத் தலைப்பில் நான் பேசப்போவதில்லை. கல்வி அவசியம் என்று நம் மேடைகளில் ஒரு தலைமுறையாகப் பேசியாகிவிட்டது. பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டுமா என்று இன்று நம் வீடுகளில் எந்த உம்மாவும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளையை அனுப்பிவிட்டோம். உள்ளே போன பிள்ளைக்கு என்ன நடக்கிறது? அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் ஆலிமும் அல்ல, கல்வியாளனும் அல்ல. ஆயத்த ஆடை விற்கிற கடைக்காரன். என் கடையில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

கடையில் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான். எட்டாம் வகுப்பு முடித்தவன், தேர்ச்சி பெற்றதாகச் சான்றிதழ் இருக்கிறது. சூரத்திலிருந்து வந்த சரக்குப் பெட்டியின் மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துச் சொல்லுப்பா என்றேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கண்ணாடியை வீட்டுல மறந்து வச்சிட்டு வந்துட்டேன் பாய்" என்றான். சரி என்று விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவனிடம் கண்ணாடியே கிடையாது. ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழில் நான்கு வரி சேர்ந்தாற்போல் அவனால் படிக்க முடியவில்லை. எட்டு ஆண்டுகள் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து எழுந்து வந்த நம் பிள்ளை அவன். படிக்கத் தெரியவில்லை என்பதைவிட, அதை மறைப்பதற்கு அவன் கற்றுக்கொண்டிருந்த தந்திரம்தான் என்னை உலுக்கியது. எட்டு ஆண்டுகளில் பள்ளிக்கூடம் அவனுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

சகோதரர்களே! நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 2006ஆம் ஆண்டு கொடுத்த அறிக்கையை நாம் எத்தனையோ மேடைகளில் எடுத்துக் காட்டியிருக்கிறோம். இந்த நாட்டில் 6 வயதிலிருந்து 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கூடத்துக்கே போகாதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள் என்றது அந்த அறிக்கை. தமிழகத்தில் நம் நிலை அவ்வளவு மோசமில்லை. 2001 மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம்; மாநிலத்தின் சராசரி 73.5 சதவீதம்தான். அல்ஹம்துலில்லாஹ், பெருமைப்படலாம். ஆனால் என் கடைப் பையனும் அந்த எழுத்தறிவு பெற்றவர்கள் கணக்கில்தானே வருவான்?

2007இல் தமிழகத்தில் 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு பெற்றோம். சமுதாயம் பல ஆண்டுகள் தெருவில் நின்று கேட்டுப் பெற்ற உரிமை அது. அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கல்லூரி வாசல்வரை வந்து நிற்கிற பிள்ளைக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். மூன்றாம் வகுப்பிலேயே மனதால் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போன பிள்ளைக்கு அந்த மூன்றரையால் என்ன பயன்?

நாம் இருக்கிற இந்த ஊரைப் பாருங்கள். வெளியே வந்தால் உஸ்மான் சாலை. 1934ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முஹம்மது உஸ்மான் அவர்களின் பெயர். அந்தப் பக்கம் ஹபீபுல்லா சாலை. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கே திவானாக இருந்தவரின் பெயர் அது. படித்த முஸ்லிம்களின் பெயரைத் தாங்கிய சாலைகளில் நாம் பெயரைப் படிக்காமலே தினமும் வண்டி ஓட்டுகிறோம். பிறகு வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 1951இல் ராயப்பேட்டையில் புதுக்கல்லூரி எழுந்தது. 1955இல் நீதிபதி பஷீர் அஹமத் சையீத் அவர்கள் தேனாம்பேட்டையில் பெண்களுக்குக் கல்லூரி கண்டார். அந்தப் பெரியவர்களின் மறுமைக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? நாம் கல்லூரி கட்டினோம், தொழில்நுட்பக் கல்லூரி கட்டினோம், மாடியின் மேல் மாடி கட்டினோம். ஐந்து வயதுப் பிள்ளை உட்காருகிற அறையைப் பற்றி யோசித்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. அந்த யோசனை நம் ஊரிலேயே, இங்கிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தொலைவில், அடையாற்றில் நடந்துகொண்டிருந்தது. நமக்குத்தான் அந்தப் பக்கம் போக வேலை இருக்கவில்லை.

1939ஆம் ஆண்டு. மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய டாக்டர் அம்மையார், பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. ஓலைக் கொட்டகைகளில் பயிற்சி வகுப்பு நடந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து முந்நூறு பேர் வந்து சேர்ந்தார்கள். 1940இல் இத்தாலி போரில் குதித்ததும், எதிரி நாட்டுக்காரர் என்று பிரிட்டிஷ் அரசு அவருடைய மகனைப் பிடித்து அடைத்தது. அந்த அம்மையாரின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு விதித்தது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள். கடைசியாக 1949இல் அவர் இந்தியாவை விட்டுப் போவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இந்த மண்ணில் பயிற்சி பெற்றிருந்தார்கள்.

இன்று தெருவுக்குத் தெரு "மாண்டிசோரி" என்று போர்டு தொங்குகிறது. யாரும் தொங்கவிடலாம், அந்தப் பெயருக்குக் காவல் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் எல்.கே.ஜி. பிள்ளை நான்கு வரி நோட்டில் ஏ, பி, சி, டி எழுதிக் கொண்டிருக்கும். வாப்பா அரை லட்சமோ ஒரு லட்சமோ கட்டியிருப்பார். அந்த அம்மையார் 1907 ஜனவரியில் ரோம் நகரத்தில் தம் முதல் பள்ளியைத் தொடங்கினாரே, எங்கே தெரியுமா? சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். தாய் தந்தையர் வேலைக்குப் போனபின் மாடிப்படிகளில் ஓடித் திரிந்த, சுவரைக் கிறுக்கிக் கெடுத்த பிள்ளைகளுக்காக. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று பிறந்த முறை அல்ல அது. பேரீச்சம்பழத்தை ஏழையின் நோன்பு திறப்பிலிருந்து எடுத்துப்போய் ஐந்து நட்சத்திர ஓட்டலில் தட்டில் வைத்து விற்பதுபோல் அதை விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம்.

அடையாற்றோடு தொடர்புடைய இன்னொரு பெயரைச் சொல்கிறேன். ஜே. கிருஷ்ணமூர்த்தி. மதனப்பள்ளியில் 1895இல் பிறந்தவர். சிறுவனாக அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபையார் கண்ணில் பட்டு, உலகத்துக்கே குரு ஆகப்போகிறவர் என்று அவர்களால் வளர்க்கப்பட்டவர். 1929இல் அவரே அந்தப் பட்டத்தை உதறி, தமக்காக ஏற்படுத்திய அமைப்பையும் கலைத்தார். அவருடைய கல்விப் பணிகளுக்காக 1928இல் ஓர் அறக்கட்டளை உருவானது. இன்று கிருஷ்ணமூர்த்தி ஃபவுண்டேஷன் இந்தியா என்ற பெயரில் அது இயங்குகிறது. இலாப நோக்கம் இல்லாத அகில இந்திய நிறுவனம்; தலைமையிடம் கிரீன்வேஸ் சாலை வசந்த விகார். ஆந்திராவில் ரிஷிவேலி, காசியில் ராஜ்காட், பெங்களூரில் ஒன்று என்று பள்ளிகள் நடத்துகிறது. சென்னையில் 1973இல் "தி ஸ்கூல்" தொடங்கி, அடையாறு தாமோதர் தோட்டத்தில் பல்லாண்டுகள் நடத்தி, பிறகு தாழம்பூருக்குக் கொண்டு போனார்கள்.

இந்தப் பள்ளிகளில் பிள்ளைக்குப் பிள்ளை ஒப்பிட்டுப் பேசுவதில்லை. முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் கிடையாது. பரிசு காட்டி ஆசை மூட்டுவதுமில்லை, தண்டனை காட்டி அச்சுறுத்துவதுமில்லை. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் சேர்ந்து படிப்பார்கள். பயம் இருக்கிற இடத்தில் கல்வி நுழையாது என்பது அவர்களுடைய அடிப்படை.

இங்கே சில முகங்கள் சுருங்குவது எனக்குத் தெரிகிறது. "என்ன பாய், பிரம்மஞான சபை, கிருஷ்ணமூர்த்தி என்று பேசுகிறார், இது நம் மேடையா?" நியாயமான கேள்வி. அந்த மனிதர் எந்த மதத்தின் வழிகாட்டுதலையும் ஏற்காதவர். ஈமான் கொண்ட நாம் அவருடைய தத்துவத்தை ஏற்க முடியாது, ஏற்கவும் வேண்டாம். ஆனால் பத்ருப் போரை நினைத்துப் பாருங்கள். பிடிபட்ட குறைஷிக் கைதிகளில் பணம் கொடுத்து மீள வழியில்லாதவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால், மதீனாப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு விடுதலையாகலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முடிவு செய்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்த ஆசிரியர்கள் யார்? முஸ்லிம்களா? நேற்றுவரை வாள் தூக்கி நின்ற எதிரிகள். அவர்களிடமிருந்து எழுத்தை எடுத்துக்கொண்டார்கள், கொள்கையை எடுத்துக்கொள்ளவில்லை. மதீனாவுக்கு இருந்த தைரியம் தியாகராய நகருக்கு இருக்கக் கூடாதா?

இன்னொரு எதிர்ப்பையும் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே படிப்பவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள், நமக்கென்ன என்பீர்கள். உண்மைதான். அங்கே இடம் வாங்கித் தாருங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அந்த நிறுவனத்தின் ரிஷிவேலியைச் சுற்றிக் கிராமங்கள் இருக்கின்றன. ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள், ஒரே அறை. அந்தக் கிராமப் பிள்ளைகளுக்காக 1980களில் அவர்கள் சிறு சிறு பள்ளிகள் தொடங்கினார்கள். பாடப் புத்தகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அட்டைகளாக ஆக்கினார்கள். எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று சுவரில் ஓர் ஏணி வரைந்து மாட்டினார்கள். பிள்ளை தன் படியை ஏணியில் பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்து வந்து உட்காரும். காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளைக்குப் பத்து நாள் பாடம் போய்விடாது. விட்ட படியிலிருந்து தொடரும். அறுவடைக்குப் போன பிள்ளைக்கும் அப்படியே.

இதைத்தான் சென்னை மாநகராட்சி எடுத்துக்கொண்டது. 2003இல் எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மாநகராட்சி ஆணையராக இருந்தார். வேலூர் ஆட்சியராக இருந்த நாளிலேயே கொத்தடிமையிலிருந்து மீட்ட பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சிக்கலைக் கண்டவர். மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்து, முதலில் 13 பள்ளிகளில் தொடங்கினார். பிறகு மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் அது பரவியது. 2007இல் தமிழகம் முழுவதும் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சுமார் 37,000 பள்ளிகளுக்குப் போனது. "செயல்வழிக் கற்றல்" என்று அதற்குப் பெயர்.

அந்த நாட்களில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கு நான் போனேன். சீருடை விஷயமாக ஆள் பார்க்கப் போனவன், ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். பெஞ்சு இல்லை. தரையில் பாய். வட்ட வட்டமாகப் பிள்ளைகள். ஆசிரியை எங்கே என்று தேடினேன். அவரும் ஒரு பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பிப் பந்தல் என்றார்கள். எவன் நன்றாக வரைந்தான் என்று பார்த்துத் தொங்கவிடவில்லை, எல்லாருடையதும் தொங்கியது. வருகைப் பதிவைப் பிள்ளைகளே குறித்துக்கொண்டார்கள். ஒரு வட்டத்துக்கு ஆசிரியை முழுத் துணை, இன்னொரு வட்டத்துக்குப் பாதித் துணை, ஒன்றில் கூடப் படிக்கிற பிள்ளைகளே துணை, ஒன்றில் பிள்ளை தானே படிக்கும். முக்கியமாக ஒன்று. கரும்பலகை சுவரின் அடிப்பக்கத்தில், அறையைச் சுற்றிலும் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை பாயில் உட்கார்ந்தபடியே எழுதலாம். ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஓர் இடம்.

தலையில் துப்பட்டா போட்ட ஒரு சிறுமி, ஏழு வயது இருக்கும், தன்னைவிடச் சின்னப் பையனுக்கு ஓர் அட்டையை வைத்துக்கொண்டு கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு. "பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கு, திருப்பிக் கொடுக்க வேணாம்" என்று சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியாபாரி அல்லவா!

இதை வியாபாரிகளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். ரங்கநாதன் தெருவில் சட்டைக் கடை வைத்திருக்கிறோம். நாற்பது வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். எல்லாருக்கும் 38 சைஸ் சட்டை ஒன்றையே கொடுத்து, பொருந்தாதவனைப் பார்த்து "உன் உடம்பு சரியில்லை" என்று சொன்னால் நாம் கடை நடத்த முடியுமா? ஒரு வாரம் நடத்த முடியாது. ஆனால் வகுப்பறையில் அதுதான் நடக்கிறது. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஒரே பாடம், ஒரே வேகம். பொருந்தாத பிள்ளைக்கு "மக்கு" என்று பெயர். அந்தப் பெயரை வீட்டுக்கு எடுத்து வருகிறான், நாமும் சேர்ந்து சொல்கிறோம், பத்து வயதில் அவனே நம்பிவிடுகிறான். பிறகு கண்ணாடியை மறந்துவிட்டேன் என்கிறான்.

செயல்வழிக் கற்றல் எல்லா இடத்திலும் நன்றாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பதின்மூன்று பள்ளிகளில் பார்த்துப் பார்த்துச் செய்ததை நான்கே ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் கொண்டுபோனால் என்ன ஆகும்? அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வராத பள்ளிகள் இருந்தன. விருப்பமில்லாமல் செய்த ஆசிரியர்கள் இருந்தார்கள். பெற்றோர் பலர், "என்ன இது, நோட்டில் ஒன்றும் எழுதவில்லை, வீட்டுப் பாடம் இல்லை, பிள்ளை விளையாடிவிட்டு வருகிறது" என்று சொல்லி, கடன் வாங்கித் தனியார் ஆங்கிலப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று நம் மனசாட்சிக்குத் தெரியும். பின்னாளில் அந்தத் திட்டம் மாற்றங்களுக்கு ஆளானது. 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பார்த்துப் பாடம் நடத்துகிறார்கள். பெயர் எதுவானால் என்ன, பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்குவது என்ற எண்ணம் அரசுப் பள்ளிக்குள் நுழைந்துவிட்டது. கட்டணம் வாங்குகிற பள்ளிகள் பலவற்றில் அது இன்னும் நுழையவில்லை. காசு கொடுத்துப் பழையதை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நம் வீட்டுக்குள் வருகிறேன். ஆலிம் பெருமக்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது.

நம் பிள்ளைகள் இரண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போகிறார்கள். பகலில் ஒன்று, காலையிலோ மாலையிலோ பள்ளிவாசல் மக்தப் மதரஸா. சச்சார் அறிக்கையே தெளிவாகச் சொன்னது: முழுநேர மதரஸாவில் படிப்பவர்கள், பள்ளி செல்லும் முஸ்லிம் பிள்ளைகளில் நூற்றுக்கு நான்கு பேர்தான். மற்றவர்கள் ஒரு மணி நேரம் மக்தபில் ஓதிவிட்டுப் பொதுப் பள்ளிக்குப் போகிறவர்கள். அப்படியானால் எல்.கே.ஜி.க்கு முன்பே, அரசுக்கு முன்பே, நம் பிள்ளை "படிப்பு" என்ற ஒன்றை முதலில் சந்திக்கிற இடம் பெரும்பாலும் மக்தப்தான். அங்கே அவன் எதைச் சந்திக்கிறான்?

நான் ஓதிய காலத்தில் பிரம்பைச் சந்தித்தேன். அலிஃபும் பேயும் நினைவிருக்கிறதோ இல்லையோ, அந்தப் பிரம்பு எந்தச் சுவரில் சாய்ந்திருந்தது என்பது இன்றும் நினைவிருக்கிறது. ஊரையும் உஸ்தாதையும் சொல்ல மாட்டேன்; அவர் மவுத்தாகிவிட்டார், அல்லாஹ் அவருக்குச் சுவனத்தைத் தருவானாக. மாதச் சம்பளம் என்ற பெயரில் அவருக்கு நாங்கள் கொடுத்த தொகையை நினைத்தால், அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறது. எத்தனையோ மக்தபுகளில் இன்று அருமையான ஹஜ்ரத்மார்கள் அன்போடு ஓதிக் கொடுக்கிறார்கள். ஆனால் அடி நின்றுவிட்டது என்று உங்களில் யாராவது கைதூக்கிச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

2009இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் 17ஆவது பிரிவில் தடை செய்தது. 2012இல் அந்தச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தபோது, மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் விலக்குக் கிடைத்தது. நம் மார்க்கக் கல்வியில் அரசு கைவைக்கக் கூடாது என்று நாம் கேட்டது சரிதான். அந்த உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் பிள்ளையை அடிக்கிற உரிமையையா கேட்டோம்? அரசுச் சட்டம் நம் வாசலில் நின்றால், உள்ளே ஷரீஅத்தின் ஒழுக்கம் அதைவிட மேலாக இருக்க வேண்டாமா?

நபி (ஸல்) அவர்களிடம் பத்தாண்டுகள் பணிவிடை செய்தவர் அனஸ் (ரலி). சிறுவனாக வந்து சேர்ந்தவர். அந்தப் பத்து ஆண்டுகளில் தம்மிடம் ஒருமுறைகூட அவர்கள் சலித்துக்கொண்டதில்லை என்று அவரே அறிவித்திருக்கிறார். அந்த அனஸுடைய தம்பி அபூஉமைர், சின்னஞ்சிறு பிள்ளை. வளர்த்த குருவி செத்துப்போய்விட்டது. ஒரு சமுதாயத்தின் தலைவர், ஆயிரம் பொறுப்பு உள்ளவர், அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து குருவியைப் பற்றி விசாரிக்கிறார். தொழுகையில் பின்னாலிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டால், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். குழந்தைக்காகத் தொழுகையே சுருங்கியது சகோதரர்களே! நம் பாடத் திட்டம் சுருங்கக் கூடாதா?

ஐரோப்பாவில் இந்தப் பேச்சு எழுவதற்குப் பல நூறாண்டுகளுக்கு முன், 14ஆம் நூற்றாண்டில், துனிஸில் பிறந்த இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இதை எழுதிவைத்தார். கடுமை காட்டி வளர்க்கப்படும் மாணவன் மனம் ஒடுங்கிப்போவான், சோம்பலுக்கும் பொய்க்கும் பழகுவான், அடிக்குப் பயந்து உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுவான் என்றார். பாடத்தைப் படிப்படியாக, மாணவனின் தகுதியறிந்து கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். பொய்க்குப் பழகுவான் என்ற இடத்தைப் படித்தபோது எனக்கு என் கடைப் பையனின் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. ஆகவே இது யாரிடமிருந்தோ கடன் வாங்குகிற சரக்கல்ல. நம் வீட்டுப் பரணில் கிடந்தது. தூசி தட்டாமல் விட்டது நம் குற்றம்.

சரி, என்ன செய்வது? புதிய பள்ளிக்கூடம் கட்டலாம் என்று உடனே யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கட்டிடம் பற்றிப் பேச வேண்டாம். கட்டிடம் என்றால் ரசீதுப் புத்தகம், திறப்பு விழா, கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்ற தகராறு. நம்மிடம் அறைகள் இருக்கின்றன. இந்தப் பகுதியின் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஓர் ஓதுகிற அறை இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போக மற்ற நேரம் பூட்டிக் கிடக்கிறது.

நம்மிடம் ஆளும் இருக்கிறது. பட்டம் படித்துவிட்டுத் திருமணத்துக்குக் காத்திருக்கிற, திருமணமாகி வீட்டில் இருக்கிற நம் சகோதரிகள் எத்தனை பேர்! அவர்களில் ஆர்வமுள்ளவர்களை முறையான மாண்டிசோரிப் பயிற்சிக்கு அனுப்புங்கள். போர்டு மாட்டுவதற்கு ஒரு மாதச் சான்றிதழ் கொடுக்கிற இடத்துக்கு அல்ல. முழுப் பயிற்சி, ஓராண்டு ஆனாலும் ஆகட்டும். கட்டணத்தை வணிகர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வலீமாவில் ஒரு ஐட்டம் குறைத்தால் ஓர் ஆசிரியை உருவாகிவிடுவார். பிரியாணி பசியாறினால் முடிந்தது, நான் இரண்டும் சாப்பிட்டுப் பார்த்தே சொல்கிறேன்.

ஹஜ்ரத்மார்களுக்குச் சம்பளத்தைக் கூட்டுங்கள். இதைச் சொல்லாமல் பிரம்பைக் கீழே போடச் சொல்ல எனக்கு வாய் வராது. ஒருவரிடம் அறுபது பிள்ளைகளைத் தள்ளிவிட்டு அன்பாக நடத்துங்கள் என்பது அநியாயம். உதவிக்கு இன்னொருவரைப் போடுங்கள்.

இளைஞர்களே! மாநகராட்சிப் பள்ளி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். பிள்ளைகள் குறைவதால் மூடப்படும் நிலைக்கு வருகிற பள்ளிகள் இருக்கின்றன. அவை நம் வரிப்பணத்தில் நடப்பவை. போய்ப் பாருங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராக நம்மவர்கள் உட்காரட்டும், ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் மனுக் கொடுங்கள். போஸ்டர் ஒட்டுகிற கைக்கு அது பெரிய வேலையல்ல. கிரீன்வேஸ் சாலைக்கும் போங்கள். அந்த ஃபவுண்டேஷன்காரர்களிடம் அட்டைகள் எப்படிச் செய்வது, ஏணி எப்படி அமைப்பது என்று கேட்டுத் தெரிந்து வாருங்கள். அரபு எழுத்துக்கும் அப்படி ஓர் ஏணி போட்டால் என்ன? பிள்ளைக்குப் பிள்ளை வேறு வேறு சபக் என்பது நம் மக்தபின் பழைய வழக்கம்தானே! ஒவ்வொருவனையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஓதவிடுவார் உஸ்தாது. அட்டை மட்டும்தான் இல்லை.

என் கடைப் பையனைக் கேட்பீர்கள். இரவில் கடை கட்டுவதற்கு முன் அரை மணி நேரம், கணக்குப் பிள்ளையாக இருக்கும் தம்பி அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். புத்தகத்தை எடுத்தால் முகம் வெளுத்துப் போகிறான். ஆகவே சரக்குப் பெட்டிச் சீட்டு, பில், சட்டைக் காலரில் இருக்கிற எழுத்து, இதிலிருந்து தொடங்கினோம். போன வாரம் ஒரு பெட்டியைக் காட்டி, "பாய், இது நமக்கு வந்தது இல்ல, அடுத்த கடைக்கு வந்தது" என்றான். படித்துத்தான் சொன்னான்.

நேரமாகிவிட்டது, கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு வேலையோடு முடிக்கிறேன். இந்தப் பள்ளிவாசலின் மக்தப் அறையை மாலையில் பார்த்தேன். கரும்பலகை என் தோள் உயரத்தில் அடித்திருக்கிறது. எந்தப் பிள்ளைக்கும் எட்டாது. முத்தவல்லி அவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன். இன்ஷா அல்லாஹ் ஞாயிற்றுக்கிழமை காலை பஜ்ருக்குப் பிறகு அதைக் கழற்றித் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அடிக்கப்போகிறோம். ஆணியும் சுத்தியலும் நான் கொண்டு வருகிறேன். பாய் விரிக்க நான்கு தம்பிகள் வந்தால் போதும்.